மாப்பிள்ளை வீட்டில் பதினாலு ஆல்பம்

ஈசூன்,
ஞாயிற்றுக்கிழமை.

காத்தோங்கில், செண்பக விநாயகர் கோயில் மணியோசை காதில் விழும் தூரத்தில் குடியிருக்கும் பேறு பெற்ற மரியாதைக்குரிய மச்சான் திரு. சிதம்பரம் அவர்களுக்கு, ஈசூன் பத்தாவது மாடியிலிருந்து தங்கள் தங்கை மங்களத்தின் கணவன் மருதப்பன் வணக்கத்துடன் வரைவது. இவ்விடம் நானும் மங்களமும் பழைய ஃபிரிட்ஜும் ஏதோ ஓடிக்கொண்டிருக்கிறோம். அவ்விடம் தாங்களும் கமலம் அக்காவும், கோபித்துக்கொண்டு தங்கள் வீட்டுக்கு வந்துவிட்ட என் மகள் கவிப்ரியாவும் சௌக்கியமாக இருக்க எல்லாம் வல்ல இறைவன் துணை. கவிப்ரியாவுக்குத் தோசை இரண்டுக்கு மேல் வைக்க வேண்டாம். மூன்றாவது வைத்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அப்புறம் உங்கள் வீட்டையும் விட்டுக் கிளம்பினால் அவளுக்குப் போக வேறு மாமா இல்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று கேட்பீர்கள். வேறு என்ன வழி வைத்தீர்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழுவில் 'சிதம்பரம் வெளியேறினார்' என்று வந்தது. வெளியேறியவர் குழுவை ஆரம்பித்தவர். இப்போது அந்தக் குழுவில் நானும் மங்களமும் மட்டும் இருக்கிறோம், ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு காலை வணக்கம் அனுப்பிக்கொள்கிறோம். போன் அடித்தால் மணி போகிறது, ஆள் வருவதில்லை. கடிதத்தை நீங்கள் பிளாக் பண்ண முடியாது மச்சான். தபால்காரர் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

விஷயத்துக்கு வர்றேன். கவிப்ரியா கல்யாணம் நடக்கணும், அவ திரும்ப வீட்டுக்கு வரணும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். அதை நானே கெடுத்துட்டேன்னு ஊரே சொல்லுது. ஊர்னா மங்களம். நான் கெடுக்கல மச்சான், தமிழ் கெடுத்துது, பாக்கியை ஜப்பான் கெடுத்துது. நடந்தப்ப நீங்க பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க, ஆனா என் காதுல உக்காரல. என் காதுல என்ன விழுந்துதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? அதான் எழுதறேன்.

தெம்பனிஸ்ல ராமலிங்கம் வீட்டுக்குப் போனோம். உங்க பழைய ஆபீஸ் சிநேகிதர், அவர் மகன் ரித்திக், 'நல்ல பையன் மாப்ளே, கண்ணை மூடிட்டுக் குடுக்கலாம்'னு நீங்களே கொண்டுவந்த இடம். நான் கண்ணை மூடல, திறந்துதான் வெச்சிருந்தேன். கப்பல் பட்டறையில முப்பது வருஷம் ஸ்டோர்கீப்பரா இருந்தவன், ஒரு நட்டு போல்ட்டைக்கூட திருப்பிப் பாக்காம உள்ள வாங்கினதில்ல. பையன் பாக்க லட்சணமா இருந்தான், காலைத் தொட்டுக் கும்பிட்டான், நானும் உள்ளுக்குள்ள சரின்னு முடிவு பண்ணிட்டு ஒரு முறுக்கை எடுத்துக் கடிச்சேன். அப்பதான் பையனோட அம்மா சுதா ஆரம்பிச்சாங்க. "எங்க ரித்திக்குக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாதுங்க. மிஸுஉமின்னா மட்டும் உயிரு."

அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு இப்ப எனக்கும் தெரியும். அன்னிக்கு என் காதுல விழுந்தது 'மிஸ் உமி.' மிஸ்ஸுன்னா கல்யாணம் ஆகாத பொண்ணு, உமின்னா அவ பேரு. வேற எப்படிப் பிரிக்கறது? "யாருங்க அது?"ன்னேன். "ஜப்பான் லா அங்கிள்"ங்கறான் பையன், நம்மூர் 'லா' ஒண்ணு ஒட்டி, கொஞ்சம்கூட கூச்சமில்லாம. "செகண்டரி ஒண்ணுலேர்ந்து எனக்கு அவங்கதான்." கவனிங்க மச்சான், 'அவங்க'ன்னான். நம்ம பாஷையில 'அவங்க'ன்னா ஒருத்தரும் உண்டு, ஊர்வலமும் உண்டு. பொண்ணுக்கு மரியாதை குடுத்துப் பேசறான் போலன்னு நெனச்சுட்டேன். இன்னும் தொடர்பு உண்டான்னு கேட்டேன். போன வருஷம்கூட டோக்கியோ போய்ப் பாத்துட்டு வந்தேன்னான். பெத்தவங்க ரெண்டு பேரும் பெருமையா சிரிக்கறாங்க. முறுக்கு என் தொண்டையில நிக்குது.

அதோட விட்டாங்களா? "ஆல்பம் மட்டும் பதினாலு வெச்சிருக்கான்"ங்கறாங்க அந்தம்மா. ஆல்பம்னா என்ன மச்சான்? நம்ம வீட்ல ஆல்பம்னா ஒண்ணுதான், கல்யாண ஆல்பம். எனக்கும் மங்களத்துக்கும் ஒண்ணே ஒண்ணு இருக்கு, அதுலயும் பாதிப் பக்கம் நீங்கதான் கையைக் கட்டிட்டு நிக்கறீங்க. பதினாலு ஆல்பம் போடணும்னா எத்தனை நாள் கல்யாணமா இருந்திருக்கணும்! சும்மா ஆழம் பாக்கலாம்னு, "பேண்டெல்லாம் உண்டா?"ன்னு கேட்டேன். "பேண்டுதானே அங்கிள் எல்லாமே!"ன்னான். போச்சு, பேண்டு வாத்தியமும் வெச்சிருக்காங்க. "சிங்கிள் தனியா நாப்பதுக்கு மேல இருக்குங்க"ன்னு அந்தம்மா எடுத்துக் குடுக்கறாங்க. சிங்கிள்னா போட்டோக்காரன் பொண்ணைத் தனியா ஜன்னல் பக்கம் நிக்க வெச்சு எடுப்பானே, அது. நாப்பது! எனக்கு வேர்த்துடுச்சு. ராமலிங்கம் தன் பங்குக்கு, "ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணுன்னு கரெக்டா ரிலீஸ் ஆகிட்டே இருந்துச்சு. நடுவுல கொஞ்ச காலம் ஒண்ணும் இல்ல, நாங்களே கவலைப்பட்டோம். இப்ப மறுபடி வருது. லைவ் மட்டும் நாலு இருக்கு"ங்கறார். நான் அதைப் பிரசவக் கணக்காப் போட்டுட்டேன். உயிரோட இருக்கறது நாலுன்னு விழுந்ததும், அந்த முகம் தெரியாத ஜப்பான்காரியை நெனச்சு என் கண்ணே கலங்கிடுச்சு மச்சான், சத்தியமா.

என்ன பண்ணுவான் ஒரு தகப்பன்? எழுந்து நின்னேன். "இந்தப் பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு! எல்லாரும் சேர்ந்து என்கிட்ட மறைக்கறீங்க!"ன்னு கத்தினேன். அப்ப நீங்க எல்லாரும் முழிச்ச முழி இருக்கே! உங்க கையில இருந்த தே தாரிக் டீ உங்க வேட்டி மேல கொட்டுது, நீங்க துடைக்கக்கூட இல்ல. ராமலிங்கம் உங்களைப் பாக்கறார், நீங்க மங்களத்தைப் பாக்கறீங்க, மங்களம் மின்விசிறியைப் பாக்கறா. கவிப்ரியா முகத்துல ரத்தமே இல்ல. நீங்க என் கையைப் பிடிச்சு, "மாப்ளே, பொறுமையா கேளுங்க, சந்தர்ப்பம் அப்படி ஆயிடுச்சு"ன்னீங்க. நல்ல சந்தர்ப்பம்! "சந்தர்ப்பமா? நாலு பிள்ளை பெத்திருக்கா!"ன்னேன். "யாரு?"ன்னு கீச்சுன்னு கேட்டா கவிப்ரியா. "அந்த ஜப்பான்காரி மிஸ் உமிதான்!"

அதுக்கப்புறம் நீங்க எல்லாரும் சிரிச்ச சிரிப்பு இருக்கே, அது மரியாதைப்பட்ட மனுஷங்க சிரிக்கற சிரிப்பு இல்ல. கழுத்துக்கு வந்த கத்தி விலகின மாதிரி சிரிச்சீங்க. ராமலிங்கம் தரையிலயே உக்காந்துட்டார். ரித்திக்தான் பாவம், சிரிப்பை அடக்கிட்டு விளக்கினான். மிஸுஉமின்னா ஜப்பான் பாஷையில ஏரியாம். ஏரின்னு பேர் வெச்சுக்கிட்டு நாலு ஆம்பளைங்க, கிட்டார் டிரம்மெல்லாம் வெச்சுப் பாடற பாட்டுக் குழுவாம். முப்பது வருஷத்துக்கு மேல பாடறாங்களாம். ஆல்பம்னா அவங்க போட்ட சிடி. சிங்கிள்னா சின்ன சிடி. லைவ்னா மேடையில பாடினது. சரி, ஒத்துக்கறேன், அங்க தப்பு என்மேலதான். ஆனா ஏரின்னு பேர் வெக்கறவன் ஏரிக்கரை, ஏரித்தண்ணின்னு ஏதாவது ஒட்டி வெச்சிருந்தா இந்தக் குழப்பம் வந்திருக்குமா?

இதோட நின்னிருந்தா எல்லாரும் சாப்பிட்டுட்டுச் சிரிச்சுக்கிட்டே வீட்டுக்கு வந்திருப்போம். பையன் நல்ல மனசோட, "வாங்க அங்கிள், காட்டறேன்"னு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனான். கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, உள்ள விளக்கு, நம்ம சாமி ரூம்ல எரியற பல்பைவிடப் பிரகாசம். நான் ஸ்டோர்கீப்பர் கண்ணால பாத்தேன். பாத்தா ஒரே பாட்டு மூணு மூணு சிடியா இருக்கு. அட்டையில அதே நாலு பேர், ஒண்ணுல நிக்கறாங்க, ஒண்ணுல உக்காந்திருக்காங்க, ஒண்ணுல முதுகைக் காட்டறாங்க. இது ஏன்னு கேட்டா, ஒண்ணு சாதாரணப் பதிப்பாம், ஒண்ணு முதல் தடவை மட்டும் அச்சடிச்சதாம், ஒண்ணுல கூட ஒரு வீடியோ இருக்காம். இதைத் தவிர, போட்ட பாட்டையே மறுபடி தேய்ச்சுக் கழுவிச் சத்தத்தைச் சுத்தம் பண்ணிப் போட்டது ஒரு செட்டு. சிறந்த பாட்டையெல்லாம் பொறுக்கிப் போட்டது ரெண்டு. அப்போ மத்ததெல்லாம் சிறப்பு இல்லன்னு அவங்களே ஒத்துக்கறாங்களான்னு கேட்டேன்.

அப்புறம் முதல் ஆல்பத்தை ரெண்டு கையாலயும் எடுத்து என்கிட்ட குடுத்தான். பிள்ளையைத் தூக்கிக் குடுக்கற மாதிரிதான் குடுத்தான். அதுல ஓரமா ஒரு காகிதப் பட்டை சுத்தியிருந்துது, பூரா ஜப்பான் எழுத்து. சாமான் வந்தா மேல இருக்கற பேப்பரைக் கிழிச்சுட்டுத்தான் அடுக்கணும், அது என் தொழில். கிழிச்சேன். கசக்கினேன். குப்பைக்கூடை எங்கன்னு திரும்பிப் பாத்தா, பையன் முகம் கவிப்ரியா முகத்தைவிட வெளுத்துப்போச்சு. அந்தக் காகிதத்துக்குப் பேரு ஓபியாம். இருபது வருஷமா மடங்காம காப்பாத்தி வெச்சிருந்தானாம். அது இருந்தாத்தான் அந்தச் சிடிக்கு மதிப்பாம். நம்மாளுங்க பேச்சுல ஓபி அடிக்கறதுன்னா வேலை செய்யாம சும்மா இருக்கறது, அந்தக் காகிதமும் அதைத்தானே பண்ணிட்டிருந்துதுன்னு, சூழ்நிலையைக் கொஞ்சம் லேசாக்கலாமேன்னு சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கல. கொஞ்சம் முன்னாடி என்னைப் பாத்து அந்தச் சிரிப்பு சிரிச்சவங்க, நான் நிஜமாவே ஒரு ஜோக் சொன்னப்ப சிரிக்கல.

எனக்கும் ரோஷம் உண்டு மச்சான். அதுலதான் அந்த வார்த்தை வந்துடுச்சு. "ஒரே பாட்டுக்கு ஒண்ணு போதாதுன்னு மூணு வாங்கறவன், ஒரு பொண்டாட்டியோட நிப்பானா?" சொல்லி முடிக்கறதுக்குள்ளயே தப்புன்னு தெரிஞ்சுது, ஆனா வாயிலேர்ந்து வந்ததை உள்ள தள்ள முடியுமா. அந்தம்மா அழுதாங்க. கவிப்ரியா விறுவிறுன்னு போய் உங்க காருல ஏறிட்டா. நீங்க கதவைச் சாத்தின சத்தம் தெம்பனிஸ் பூராவும் கேட்டுருக்கும். இந்தச் சம்பந்தம் வேண்டாம்னு ராமலிங்கம் இன்னிவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல, அதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு. வேண்டாம்னு சொல்றவங்ககிட்ட சண்டை போடலாம், சும்மா இருக்கறவங்களை என்ன பண்றது?

வீட்டுக்கு வந்ததுலேர்ந்து மங்களம் என்கூடப் பேசறது கொதிக்கற குக்கர் மாதிரி, நடுநடுவே உஸ்ஸுங்கறதோட சரி. போய் மன்னிப்புக் கேளுங்கன்னா. கேக்கறேன், ஆனா வெறும் கையோட போனா மரியாதையா? மருமகனுக்கு எது உயிரோ அதைத் தெரிஞ்சுக்கிட்டுப் போறதுதான் மாமனாருக்கு அழகுன்னு முடிவு பண்ணினேன். நாலாவது மாடி யூசுப் பாயைத் தெரியுமில்ல, முகமது யூசுப், கீழ கேரம் விளையாட வருவாரே, அவர்தான் "இதெல்லாம் போன்லயே இருக்கு அண்ணே, சிடியெல்லாம் யாரு வாங்கறா"ன்னு பதினாலு ஆல்பத்தையும் என் போன்ல எடுத்துக் குடுத்தார். காதுல மாட்டிக்கிட்டு நார்த் சவுத் லைன் ரயில்ல ஏறி உக்காந்தேன். முதல் சில நாள், பாட்டைக் கலைச்சுப் போடற பட்டன் அமுங்கியிருந்தது தெரியாமயே கேட்டிருக்கேன். ஒரு பாட்டுல டிரம்காரன் இருக்கான், அடுத்த பாட்டுல இல்ல, அதுக்கடுத்ததுல வந்துடறான், மறுபடி காணோம். இவன் குடும்பஸ்தன்தானா, இப்படி வந்து வந்து போறானேன்னு எனக்கு ஒரே எரிச்சல். பாய் வந்து அந்தப் பட்டனை அணைச்சுக் குடுத்தப்புறம்தான் கதை ஒழுங்கா விளங்குச்சு.

முதல் ஆல்பம் கத்தல். நாலு பேரும் ஆளுக்கொரு ரூம்ல உக்காந்து ஒருத்தர் மேல ஒருத்தர் கோபமா வாசிச்ச மாதிரி இருக்கு. மூணாவதுல ஏதோ கார்ட்டூன் படத்துக்குப் பாட்டுப் போட்டிருக்காங்க, அதுதான் அவங்களை வாழவெச்சுதாம். எனக்கே வாயில ஒட்டிக்கிச்சு, காடிப் ஸ்டேஷன்ல சத்தமா பாடிட்டேன் போல, பக்கத்துல உக்காந்திருந்த சீனப் பாட்டி எழுந்து வேற இடம் போயிட்டாங்க. அஞ்சாவதுல திடீர்னு வயலின், பணம் வந்துடுச்சுன்னு தெரியுது. ஏழாவதுல பாதி இங்கிலீஷ், அதைக் கேக்காம விட்டுடலாம். எட்டாவதுல டிரம்காரன் சண்டை போட்டுட்டுப் போயிட்டான், மெஷினை வெச்சு ஓட்டியிருக்காங்க. அது டிரம் இல்ல மச்சான், துணி துவைக்கற சத்தம். அப்புறம் பல வருஷம் ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம் ஒன்பதாவது. அதுல முதல் பாட்டு வெறும் டிரம்தான், ரொம்ப நேரம். கிட்டார் இல்ல, பாட்டு இல்ல, ஒருத்தன் மட்டும் அடிக்கறான். போனவன் வந்துட்டான்னு சொல்லாம சொல்றாங்க. அப்புறம்தான் மத்த மூணு பேரும் ஒவ்வொருத்தரா வந்து சேர்றாங்க. மெரினா பே ஸ்டேஷன்ல இறங்க வேண்டியவன் இறங்கல. ரயில் திரும்பி ஈசூன் வரைக்கும் அதையே போட்டுப் போட்டுக் கேட்டேன். எனக்குக் கவிப்ரியா ஞாபகம் வந்துடுச்சு மச்சான். அவ ரூம் கதவைத் திறந்தா விசிறி சத்தம் மட்டும்தான் கேக்குது.

அடுத்து, கிழிச்ச காகிதத்துக்குப் பதில் சொல்லணுமே. சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சந்துல சம்சுன்னிசான்னு ஒருத்தங்க சிடிக் கடை வெச்சிருக்காங்க, சிடியோட ஊதுபத்தி, போன் கவர், ஊறுகாய் எல்லாம் உண்டு. மிஸுஉமி இருக்கான்னு கேட்டேன். "உமியா? உமிக்கரிதான் இருக்கு அண்ணே, பல்லுக்கு நல்லது"ன்னு ஒரு பொட்டலத்தை எடுத்து வெச்சாங்க. விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு, அந்தக் காகிதத்தை அச்சடிச்சுக்கலாமேன்னு அவங்கதான் யோசனை சொன்னாங்க. உமிக்கரியையும் வாங்கிக்கிட்டு, நாலு கடை தள்ளி கல்யாணப் பத்திரிகை அடிக்கறவர்கிட்ட போனேன். யூசுப் பாய் இன்டர்நெட்ல தேடி எடுத்துக் குடுத்த படத்தைக் காட்டினேன். நல்ல வழவழப்பான காகிதத்துல, அந்த ஜப்பான் எழுத்து ஒண்ணுகூட விடாம அச்சு அசலா அடிச்சுக் குடுத்தார். ஒரே ஒரு குறை, பழக்க தோஷத்துல மேல நடுவுல பிள்ளையார் சுழி போட்டுட்டார். நாலு மூலையிலயும் மஞ்சள் வேற தடவிக் குடுத்தார். நானும் வாங்கிக்கிட்டேன். நல்ல காரியம்தானே.

போன வெள்ளிக்கிழமை தெம்பனிஸ் போனேன், தனியா. தட்டுல பூ, பழம், வெத்தலை பாக்கு, கல்கண்டு, நடுவுல அந்தக் காகிதப் பட்டை. மன்னிப்பைத் தமிழ்ல கேட்டா எல்லாரும் கேக்கற மாதிரிதான் இருக்கும், மருமகனுக்குப் பிடிச்ச பாஷையில ரெண்டு வார்த்தை சொன்னா மனசு இளகும்னு, ஒன்பதாவது ஆல்பத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச பாட்டுல திரும்பத் திரும்ப வர்ற ஒரு வரியை நெட்டுரு போட்டு வெச்சிருந்தேன். அவ்வளவு உருகி உருகிப் பாடறாங்க, அர்த்தம் நல்லதாத்தான் இருக்கும்னு நம்பினேன். கதவைத் திறந்தது ராமலிங்கம். தட்டை நீட்டி, தலை குனிஞ்சு, குரலைத் தழைச்சு, அந்த வரியைச் சொன்னேன். "மோ ஐதாக்குநாய்."

ராமலிங்கத்துக்கு என்ன கேட்டிருக்கும்? வாய்க்குள்ள நீங்களே ஒரு தடவை சொல்லிப் பாருங்க. "சுதா, இங்க வா! இந்த மனுஷன் என் வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு நாயை விட்டுத் தாக்குவேங்கறார்!" அந்தம்மா ஓடி வர்றாங்க, எதிர்வீட்டுக்காரங்க எட்டிப் பாக்கறாங்க. நான் பதறிப்போய், சரியாக் கேக்கலையோன்னு இன்னும் கொஞ்சம் சத்தமா ரெண்டாவது தடவையும் சொல்லித் தொலைச்சேன். அதுக்குள்ள ரித்திக் வந்துட்டான். "அப்பா, அங்கிள் திட்டலப்பா. அது ஜப்பான் பாஷை, மிஸுஉமி பாட்டு"ன்னான். அப்பாடான்னு இருந்துச்சு. "என்னடா அர்த்தம்?"னு கேட்டார் ராமலிங்கம். பையன் என்னைப் பாத்தான், அவரைப் பாத்தான். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை மச்சான், அதுக்காகவே அவனை எனக்குப் பிடிச்சுப்போச்சு. "'இனிமே உங்களைப் பாக்கவே எனக்கு இஷ்டமில்ல'ன்னு அர்த்தம்பா"ன்னுட்டான்.

ரெண்டு பாஷையிலயும் ஒரே நேரத்துல ஒருத்தரை அவமானப்படுத்தினவன் இந்தத் தீவுலயே நான் ஒருத்தனாத்தான் இருப்பேன். ஆனா இங்கதான் எனக்கு ஒரு சந்தேகம். ராமலிங்கம் கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி தட்டைக் கையில வாங்கிக்கிட்டார். பூ பழம் வெச்ச தட்டைத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு அந்தம்மா பின்னாலேர்ந்து சொன்னது என் காதுல விழுந்துது. பையன் அந்தப் பிள்ளையார் சுழிக் காகிதத்தை எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தான், அவன் தோள் குலுங்குச்சு. அழுதானா சிரிச்சானான்னு தெரியறதுக்குள்ள கதவு சாத்திடுச்சு. இப்ப நீங்க முறைப்படி சொல்லுங்க. நான் தட்டு நீட்டினேன், அவர் வாங்கிக்கிட்டார். அப்போ நிச்சயம் ஆயிடுச்சா, இல்லையா? பதில் தட்டு வரலைங்கறதை ஒத்துக்கறேன். பாதி நிச்சயம்னு ஒண்ணு உண்டா?

அதனால மச்சான், உங்களைத்தான் மலை மாதிரி நம்பியிருக்கேன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவர் நீங்க, முடிச்சு வெக்க வேண்டியவரும் நீங்க. உடனே தெம்பனிஸ் போங்க. மருதப்பன் திட்டினது எதுவும் திட்டு இல்லன்னு எடுத்துச் சொல்லுங்க. பையன் எத்தனை சிடி வேணும்னாலும் வாங்கிக்கட்டும், ஒண்ணுக்கு மூணு என்ன, முப்பது வாங்கட்டும், அலமாரி நானே அடிச்சுத் தர்றேன். ஒளிச்சு மறைச்சுப் பேசற பழக்கம் இல்லாத நம்ம குடும்பத்துல, ஏதோ காது கேட்ட கோளாறுல வந்த வினைன்னு சொல்லி வையுங்க. முதல்ல நீங்க குழுவுக்குத் திரும்பி வாங்க. காலை வணக்கத்துக்கு மங்களம் கட்டை விரல்கூடக் காட்ட மாட்டேங்கறா.

தங்களுக்கு முதுகு வலியும் கமலம் அக்காவுக்கு முழங்கால் வலியும் தீர்ந்து, தங்கள் புளோக்கில் மின்தூக்கி ஒருநாளும் பழுதாகாமல், விநாயகர் அருளால் நீடூழி வாழப் பிரார்த்திக்கிறேன். கவிப்ரியாவுக்கு என் ஆசி. அவள் வாங்க மறுத்தால் திருப்பி அனுப்ப வேண்டாம், அங்கேயே ஓர் ஓரமாக வைத்திருங்கள், பிறகு எடுத்துக்கொள்வாள்.

தங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் ஒருசேர உரிய,
மருதப்பன்

பி.கு.: மேலே எழுதினது எதையும் படிக்காதீங்க. படிச்சிருந்தா மறந்துடுங்க. தெம்பனிஸ் போக வேண்டாம். உங்க புளோக் நம்பர் சரியான்னு கேக்க மங்களத்துகிட்ட இந்தக் கடிதத்தைக் குடுத்தேன். நின்னுக்கிட்டே படிச்சா. உமிக்கரி வரைக்கும் சிரிச்சா. 'ஒளிச்சு மறைச்சுப் பேசற பழக்கம் இல்லாத நம்ம குடும்பம்'ங்கற இடத்துல உக்காந்துட்டா. அப்புறம் அழுதா. அப்புறம் சொல்லிட்டா.

ஆக, நான் அன்னிக்கு எழுந்து நின்னு கத்தினது சரிதான். ரித்திக்குக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிடுச்சு. எல்லாரும் சேர்ந்து என்கிட்ட மறைச்சதும் சரிதான். பொண்ணுதான் ஜப்பான்காரி இல்ல, என் பொண்ணு. அஞ்சு வருஷப் பழக்கமாம். தெம்பனிஸ்ல ரெண்டு பேர் பேருலயும் அரசாங்க வீடு கிடைச்சு, சாவி வந்து, கல்யாணப் பதிவுச் சான்று காட்டணும்னு ஆனதும் மார்ச் மாசமே பதிவுத் திருமணம் முடிஞ்சுதாம். சாட்சிக் கையெழுத்து நீங்க. அன்னிக்கு மங்களம் பட்டுப்புடவை கட்டிக்கிட்டு, தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போறேன்னுட்டுப் போனா. மீனுக்கு அவ்வளவு மரியாதையான்னு நானும் நெனச்சேன், ஆனா கேக்கல. ராமலிங்கம் வீட்டுக்குப் போன அன்னிக்கு, முறுக்கு சாப்பிட்டு முடிச்சதும் என்கிட்ட பக்குவமா சொல்றதாத்தான் இருந்தீங்களாமே. முந்திக்கிட்டு நானே சொல்லிட்டேன்.

காதல் கீதல்னு எவளாவது வந்து நின்னா காலை உடைப்பேன்னு சொந்தக்காரங்க கல்யாணத்துலயெல்லாம் பந்தியில உக்காந்து நான் பேசுவேனாம். அது சாப்பாடு வர்ற வரைக்கும் பொழுது போகணுமேன்னு பேசறது மச்சான். அதை நம்பி எம்பொண்ணு என்கிட்ட சொல்லப் பயந்திருக்கா. வலிக்குது, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு. கையெழுத்து நீங்க போட்டுட்டீங்க, போகட்டும். கோயில்ல வெச்சுக் கல்யாணம் பண்றப்ப அவ கையைப் பிடிச்சுத் தாரை வார்த்துக் குடுக்கறது நான்தான். அதுல நீங்க பக்கத்துலகூட வரக்கூடாது.

எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு கவிப்ரியாகிட்ட மூச்சு விடாதீங்க. இந்தக் கடிதத்தை அவ கண்ணுல காட்டாதீங்க. அவளா வந்து, அவ வாயால என்கிட்ட சொல்லட்டும். இப்பத்தான் முதல் தடவையா கேக்கற மாதிரி நான் திடுக்கிட்டுக் கத்தறேன், அவ கொஞ்சம் கெஞ்சட்டும், அப்புறம் சரின்னுடறேன். குளியலறைக் கண்ணாடி முன்னால நின்னு பழகிட்டுத்தான் இருக்கேன். மங்களம் கதவோரமா நின்னு பாத்துட்டு, கோபமே வரலைங்க, கண்ணு ரெண்டும்தான் நிறையுதுங்கறா.